இலவசக் குடையும் இலவச விளையாட்டும்

நெற்குப்பையில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் மாலை வேளையில் கூடுகின்ற பையன்கள், சென்ற கோடை விடுமுறையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். மொத்தம் 30 பேர். அனைவரும் கைப்பேசியில் ஒரே துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுபவர்கள். விளையாட்டு இலவசம். ஆனால் அதில் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி அலங்காரம் உண்டு. முன்பெல்லாம் பல நாள் தொடர்ந்து ஆடி வென்றால் அது கிடைக்கும். அந்த நிறுவனம் திடீரென்று விதியை மாற்றிவிட்டது. இனி அது காசு கொடுத்து வாங்கும் மூடிய பெட்டிகளுக்குள்தான் இருக்கும். அதுவும் எந்தப் பெட்டியில் இருக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பையன்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவரும் இனி அந்த விளையாட்டைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

பத்தாம் வகுப்பு முடித்திருந்த என் அண்ணன் மகன் என்னிடம் வந்து, "சித்தப்பா, முப்பது பேரும் விட்டுட்டோம்னா கம்பெனிக்கு உறைக்குமா, உறைக்காதா?" என்று கேட்டான்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவனிடம் இப்படிக் கேட்டால் அவன் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எண் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த எண்ணின் பொருள் விளங்க வேண்டுமானால், நீங்கள் என்னுடன் முதலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வர வேண்டும்.

கப்பல் கட்டணம் சுழியான கதை

ஊர் ஊராகச் சுற்றி எழுதிய சோமலெ பிறந்த ஊர் நெற்குப்பை. கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்களின் கதைகள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அந்நாளில் கொழும்புக்குக் கப்பலேற விரும்பியவர்களுக்குத் தூத்துக்குடிதான் முக்கியமான வாசல். தனுஷ்கோடி - தலைமன்னார் படகு வழி 1914இல்தான் ஏற்பட்டது. தூத்துக்குடி - கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆதிக்கம் செலுத்தியது.

1906 அக்டோபர் 16ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். முதலில் வாடகைக் கப்பலை ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கவே, கப்பலை வாடகைக்கு விட்டவர்கள் பின்வாங்கிவிட்டனர். சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் பயணம் செய்யலாம்.

மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி தன் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. உடனே மற்றவர்கள், கட்டணமே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள்!

இங்கே சற்று நின்று யோசியுங்கள். நிலக்கரிக்கும் மாலுமிகளுக்கும் செலவு செய்து, பயணியிடம் ஒன்றும் வாங்காமல், அவன் கையில் குடையையும் கொடுத்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? நடக்கும். அந்தக் கம்பெனிக்கு இரங்கூன், கல்கத்தா, பாரசீக வளைகுடா என்று எத்தனையோ வழிகள். கண்மாய் மடையைத் திறந்து வைத்தால் ஒரு பொழுதில் அதன் மட்டம் விரலளவுகூட இறங்காது. அதே அளவு நீரை ஊருணியிலிருந்து எடுத்தால் ஊருணி தரை தட்டிவிடும். இழக்கும் நீர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றின் கொள்ளளவு பெரிது, அவ்வளவே. சுதேசிக் கம்பெனி ஊருணி.

இலவசக் கப்பலில் ஏறியவன் ஒரு காசும் தரவில்லை. ஆயினும் அவன் அந்தக் கம்பெனிக்கு ஒன்றைத் தந்தான். எதிர்க் கப்பலில் ஓர் இடத்தைக் காலியாக்கித் தந்தான். 'காசு கொடாதவனால் கம்பெனிக்கு என்ன பயன்?' என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், மீண்டும் இங்கே திரும்பி வருவோம்.

இலவசத்தை மறுத்துவிட்டு 8 அணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் போனவர்களும் இருந்தார்கள். அந்த நாளில் 8 அணா சிறிய தொகை அன்று. ஊருக்குள்ளும் புறக்கணிப்பு பரவியது. தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞர் சுதேசி இயக்கத்துக்கு எதிராகப் பேசினார் என்பதற்காக, சவரத் தொழிலாளி பாதி சவரத்தில் எழுந்து போய்விட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அன்றன்று உழைத்து உண்ணும் ஒருவர், ஊர்ப் பெரிய மனிதரின் கூலியை வேண்டாம் என்று சொன்ன செயல் அது. கிராமங்களில் 'ஊர் விலக்கு' என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களுக்குத் தண்ணீரையும் கடையையும் மறுக்கும் கொடுமையை நாம் அறிவோம். அதே கருவியை இங்கே எளியவர் வலியவர் மீது திருப்பினார். பகிஷ்காரம் என்று அக்காலத்தில் வழங்கிய சொல்லை யார் யார் மீது பயன்படுத்தினார்கள் என்று பார்க்காமல் அதைப் போற்றவும் முடியாது, தூற்றவும் முடியாது.

1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது; கப்பல்கள் விற்கப்பட்டன. குடை மட்டும் வென்றது என்று சொல்லிவிட முடியாது. குடைக்குப் பின்னால் மாவட்ட ஆட்சியும் போலீசும் நின்றன.

ஒரு தளபதியின் பெயர்

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பாய்காட்' என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் பாய்காட். 1880இல் குத்தகைக்காரர்களை அவர் வெளியேற்ற முயன்றபோது, ஊரார் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அவருடைய வயலில் யாரும் இறங்கவில்லை. கடைக்காரர் சாமான் தரவில்லை. கடைசியில் வடக்கேயிருந்து 50 பேரை வரவழைத்து, சுமார் ஆயிரம் படையினரும் போலீசாரும் காவல் நிற்க, அறுவடை நடந்தது. ஏறத்தாழ 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவாயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எதிராளிக்கு ஆகும் செலவை உயர்த்துவதே இந்தக் கருவி வேலை செய்யும் முறை. கோபத்தின் அளவு அதற்குப் பொருட்டில்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம்.

புதைக்கப்பட்ட விளையாட்டுகள்

வீடியோ விளையாட்டு நிறுவனங்களுக்கு விழுந்த முதல் பெரிய அடியை யாரும் திட்டமிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அட்டாரி என்ற நிறுவனம் கொடிகட்டிப் பறந்தது. கிராக்கி இருக்கிறது என்பதற்காக எதையும் விற்கலாம் என்று நினைத்தார்கள். ஒரு பிரபலத் திரைப்படத்தின் பெயரில் 'ஈ.டி.' என்ற விளையாட்டை ஐந்தாறு வாரங்களில் அவசரமாகச் செய்து 1982 கிறிஸ்துமஸ் சந்தைக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த முறை கடைப்பக்கம் திரும்பவில்லை. அமெரிக்காவில் இத்தொழிலின் வருமானம் 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்தது, 1985இல் 10 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது. விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பை மேட்டில் புதைத்தார்கள். பலர் அதைக் கட்டுக்கதை என்றே நம்பிவந்தனர். 2014இல் தோண்டியபோது பெட்டிகள் வெளியே வந்தன!

அன்று ஒவ்வொரு விளையாட்டும் விலை கொடுத்து வாங்கும் பண்டம். வாங்குபவன் கையை மடக்கினால் நிறுவனத்தின் பெட்டி அன்றே காலி.

விரும்பி ஒன்றுசேர்ந்து செய்த புறக்கணிப்புகள் இணையம் வந்த பிறகே நடந்தன. 2009ஆம் ஆண்டு ஒன்றே இரண்டு பாடங்களைத் தருகிறது. வால்வ் என்ற நிறுவனம் 'லெஃப்ட் 4 டெட்' விளையாட்டை வெளியிட்டு ஏழே மாதத்தில் இரண்டாம் பாகத்தை அறிவித்தது. முதல் பாகத்துக்குத் தருவதாகச் சொன்ன புதிய பகுதிகள் என்னவாயிற்று என்று கேட்டு, பல்லாயிரம் பேர் அதை வாங்கமாட்டோம் என்று திரண்டனர். நிறுவனம் சண்டைக்குப் போகவில்லை. அந்தக் குழுவை நடத்திய இருவரைத் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து, புதிய விளையாட்டை ஆடிப் பார்க்கச் சொன்னது. ஆடினார்கள்; பிடித்திருந்தது. சில வாரங்களில் குழு கலைந்தது. இதுவும் ஒருவகைக் குடைதான், என்னைக் கேட்டால்!

மற்றொன்று 'மாடர்ன் வார்ஃபேர் 2'. ஆடுபவர்கள் தாங்களே தனிச் சேவையகம் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கணினிப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். விளையாட்டு வெளிவந்த நாளில், புறக்கணிப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியலை ஒருவர் எடுத்துப் பார்த்தார். அதில் பெரும்பாலோர் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள்! வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளில் 47 இலட்சம் பிரதிகள் விற்றன.

பையன்களிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 8 அணாவும் கையிலிருந்து போகாத புறக்கணிப்பு அது. கையொப்பத்துக்குச் செலவு சுழி.

மூடிய பெட்டியின் கணக்கு

மூன்றாவது நிகழ்ச்சி 2017 நவம்பரில் நடந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2'. முழு விலை கொடுத்து வாங்கிய பிறகும், டார்த் வேடர் என்ற புகழ்பெற்ற பாத்திரத்தை எடுக்க 60,000 புள்ளிகள் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஒருவர் கணக்கிட்டுச் சொன்னார். காசு கொடுத்துப் பெட்டிகளைத் திறந்தால் விரைவாக முன்னேறலாம். முயன்று பெறுவதில்தான் பெருமை என்ற பொருளில் நிறுவனம் ஒரு பதில் எழுதியது. அந்தப் பதிலுக்கு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் வாக்குகள் விழுந்து, கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. 60,000 என்பது 15,000 ஆயிற்று. அதுவும் போதாமல், வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு காசுக்கு விற்பதையே நிறுத்திவைத்தார்கள். அம்மாத முடிவுக்குள் பங்குச் சந்தையில் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 300 கோடி டாலர் குறைந்திருந்தது.

இந்த மூடிய பெட்டி எப்படி வேலை செய்கிறது? நீங்கள் விரும்பும் பொருள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் கிடைத்துவிடும் என்றே நம் மனம் நினைக்கும். அது தவறு. ஒரு பெட்டியில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு பெட்டியிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.99ஐ நூறு முறை பெருக்கினால் வருவது. அது சுமார் 0.37. அதாவது, நூறு பெட்டி வாங்கிய நூறு பேரில் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 200 பெட்டி வாங்கினாலும் 13 பேருக்குக் கிடைக்காது. பெட்டி 40 ரூபாய் என்று வைத்தால் 200 பெட்டிக்கு 8,000 ரூபாய். பெட்டிக்கு நினைவு கிடையாது. நீங்கள் ஏற்கெனவே 199 முறை தோற்றீர்கள் என்பது 200ஆவது பெட்டிக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு நினைவு உண்டு. அதனால்தான் நிறுத்த முடிவதில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமே என்று அறிவித்தது. 2019 தொடக்கத்தில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்நாட்டில் தன் கால்பந்து விளையாட்டுக்கான அப்படிப்பட்ட விற்பனையை நிறுத்திக்கொண்டது.

முப்பது பேரின் மதிப்பு

இப்போது என் அண்ணன் மகனுக்குச் சொல்ல வேண்டிய எண். இலவசக் கைப்பேசி விளையாட்டுகளின் கணக்கை 'ஸ்வர்வ்' என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்டது. ஒரு மாதத்தில் ஆடியவர்களில் 1.5 விழுக்காட்டினர்தான் காசு செலவிட்டார்கள். விளையாட்டுக்குள் வாங்கிய பொருள்களால் வந்த வருமானத்தில் பாதியைக் கொடுத்தவர்கள் வெறும் 0.15 விழுக்காட்டினர். ஓர் இலட்சம் பேர் ஆடினால், 98,500 பேர் ஒன்றும் தருவதில்லை. 150 பேர் பாதியைத் தருகிறார்கள்.

எங்கள் திண்ணைக்கு இதைப் பொருத்துங்கள். 30 பேரில் 1.5 விழுக்காடு 0.45. முப்பது பையன்களும் சேர்ந்தால் அரை வாடிக்கையாளர்கூட ஆகமாட்டார்கள்!

இதைக் கேட்டதும் பையன்களின் முகம் தொங்கிவிட்டது. உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த என் அப்பத்தா, "சும்மா குடுக்கிறவன் சும்மாவாடா குடுப்பான்?" என்றார். அவர் கைப்பேசியில் பேசுவாரே ஒழிய விளையாட்டைப் பார்த்தவர் அல்லர். ஆனால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். தூத்துக்குடியின் இலவசப் பயணி என்ன தந்தான் என்று முன்பே பார்த்தோம். இலவசமாக ஆடும் பையன் என்ன தருகிறான்? அந்த 150 பேருக்கு எதிரே நிற்க ஆள் வேண்டும். 8,000 ரூபாய் கொடுத்து வாங்கிய துப்பாக்கி அலங்காரத்தைப் பார்த்து 'அடேயப்பா' என்று சொல்ல ஆள் வேண்டும். ஆளில்லாத களத்தில் யாரும் அலங்காரம் வாங்கமாட்டார்கள். ஆகவே 98,500 பேருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது கட்டணத்தைப் போல உடனே தெரிவதில்லை. கூட்டம் மெல்லக் கரைந்த பிறகே தெரியும். முப்பது பேரால் அதைக் கரைக்க முடியாது.

அந்த 150 பேர் ஏன் புறக்கணிக்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு இந்த விஷயம் கவலையைத் தருகிறது. அவர்களில் வசதியுள்ளவர்கள் இருக்கலாம். நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியாதவர்களும் இருக்கிறார்கள். கப்பல் பயணி இன்று இதில் ஏறுவதா அதில் ஏறுவதா என்று கரையில் நின்று முடிவு செய்தான். இவர்கள் கரையில் நிற்கவில்லை.

நம் மாநிலம் இதை இணையவழி ரம்மியில் கண்டது. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. அங்கே யாரும் யாரையும் புறக்கணிக்கச் சொல்லிப் பயனில்லை. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் ஆடாதவர்கள், ஆடியவர்களோ விட முடியாதவர்கள். எனவே கோரிக்கை சட்டத்தை நோக்கிச் சென்றது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். அதையடுத்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்தது. 2023 ஏப்ரலில் மீண்டும் சட்டம். அவ்வாண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அச்சட்டத்தின் தடை பொருந்தாது என்று தீர்ப்பு. பின்னர் 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற விதி வந்து, அதை நீதிமன்றமும் ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பையன்களின் மூடிய பெட்டியைப் பணம் வைத்து ஆடுவது என்று சொல்லலாமா? நூறு பெட்டியின் கணக்கைப் பார்த்த எனக்கு, அதை ரம்மியிலிருந்து வெகுதூரம் தள்ளி வைக்க மனம் வரவில்லை.

ஐரோப்பாவிலும் புறக்கணிப்பு சட்டத்தின் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31இல் மூடியது. விலை கொடுத்து வாங்கியவர்களின் விளையாட்டு மறுநாள் திறக்கவில்லை. இனி வாங்கமாட்டோம் என்று சொல்வதால் பறிபோனது திரும்பாது என்று உணர்ந்தவர்கள், விற்ற விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மனு கொடுக்கத் திரண்டனர். 2025 ஜூலையில் கையொப்பங்கள் 10 இலட்சத்தைத் தாண்டின. ஒன்றியம் மனுவை எடுத்துப் பார்க்க அந்த எண்ணிக்கை வேண்டும்.

எங்கள் திண்ணைப் புறக்கணிப்பு பன்னிரண்டாம் நாளை எட்டியபோது, அந்த விளையாட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. மூன்று நாள்களுக்குள் உள்ளே வருபவர்களுக்கு ஒரு பெட்டி இலவசம். என் அண்ணன் மகன் அறிவிப்பைக் காட்டிவிட்டு, "குடை வந்துருச்சு சித்தப்பா" என்றான். பிறகு கேட்டான்: "அன்னைக்கு அந்தக் குடையை வாங்கினவுக இருந்தாகளா?"

இருந்தார்கள் என்றேன்.

மறுநாள் மாலை திண்ணையில் 19 பேர் உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்ற 11 பேரை ஊருணிக் கரையில் பார்த்தேன். அங்கேதான் சிக்னல் நன்றாக எடுக்கும்.